சேதாரம்

பனங்காட்டுப் பட்டறையில் கண்ணி கோப்பவன் நான்.
கிலோவுக்கு இத்தனை கிராம் சேதாரம் என்று
முதலாளி அர்த்தநாரி எழுதி ஒட்டியிருக்கிறார்,
தராசுக்கு மேலே, லட்சுமி படத்துக்குக் கீழே.
அரம் தின்பது, நெருப்பு தின்பது,
பற்றவைக்கும்போது காற்று தின்பது.
நான் தின்றதை எழுத அதில் இடமில்லை.

ஈரத்துண்டின் மடிப்பில்
நாளுக்கு அரை கிராம்.
ஆடி தொடங்கி அடுத்த ஆனி வரை.
கேள்வி கேட்காமல் உருக்கி வாங்கும் ஆள்
செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் உண்டு.

ஒன்று சொல்லவேண்டும்:
தசமபாகத்தில் நான் ஏமாற்றியதே இல்லை.
கூலிக்கும் சேர்த்து, துண்டுக்கும் சேர்த்து
பத்தில் ஒன்று.
சில்லறை வந்தால் மேலே தள்ளி முழுசாக்கி,
கவரை நாக்கால் நனைத்து ஒட்டி,
'தீத்து, எப்சிபா, குடும்பம்' என்று எழுதி.
காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது
கை நடுங்கியதில்லை.
நிம்மதியாகக்கூட இருந்தது,
கூட்டாளிக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தவனின் நிம்மதி.

ஆனியில் வருஷக் கணக்கு பார்த்தார்கள்.
நூற்றைம்பது கிராம் இல்லை.
'கழுவுற கையிலதான் போகும்' என்றான் மேஸ்திரி.
பூந்திக்கொட்டை ஊறவைத்து
கொலுசுக்கு வெளுப்பு ஏற்றுகிற மாதம்மாளுக்கு
வாரம் முந்நூறு பிடித்தம்.

அவள் சண்டை போடவில்லை.
வேலை முடிந்ததும் சாக்கடை ஓரம் குந்தி
நுரை காய்ந்த சேற்றைச் சல்லடையில் அள்ளி
அலசினாள், அலசினாள்.
விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளங்கையை விரித்து
தராசுக்காரனிடம் நீட்டினாள்.
கால் கிராம்கூட இல்லை.
அவன் குறித்துக்கொண்டான்.

அந்த ஞாயிறு கவர் என் சட்டைப் பையிலேயே இருந்தது.
பை வந்தது, போனது.
பக்கத்தில் எப்சிபா என்னைப் பார்த்தாள்,
பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்து பொருளாளர் மாசிலாமணியிடம்
பழைய காணிக்கையைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன்.
ரசீதுகளைப் புரட்டினார்.
'கூரைக்குப் போயிடுச்சு தம்பி.
அதோ, ஆல்டருக்கு மேல, புது ஷீட்டு மூணு.'
அண்ணாந்தேன்.
மாதம்மாள் அங்கே பளபளத்துக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை அர்த்தநாரியிடம் சொன்னேன்.
'எத்தனை?'
சொன்னேன்.
'காசு என்னாச்சு?'
ஒன்பது பங்கு வீட்டுக்கு,
ஒரு பங்கு எங்கள் கோயில் கூரைக்கு என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில்
நெடுநேரம் துடைத்தார்.
'அந்த ஒரு பங்கையும் நீதான் கட்டணும்.
உங்க சாமி பேர்ல நான் பற்று எழுத முடியாது.'

எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.
இது ஒன்றுதான் எலும்பு வரை போனது.

மாதம்மாளின் பணம் முதலில் திரும்பியது.
என் பெயருக்கு நேரே பிடித்தம் ஏறியது.
இந்தச் சனிக்கிழமை கைக்கு வந்தது
ஆயிரத்து நூறு.
நூற்றுப்பத்தை எடுத்துவைத்தபோது
விரல்கள் நோட்டை விடமாட்டேன் என்றன.
அரிசிக்கு, கேஸுக்கு, எல்லாவற்றுக்கும்
அந்த நூற்றுப்பத்து தெரிந்தது.
இத்தனை வருஷம் கொடுத்ததில்
எதையும் நான் தேடியதே இல்லை.

பலகணி திறக்கும் என்று காத்திருக்கவில்லை.
பற்றவைப்பில் உட்காரும்போது மட்டும் தோன்றும்:
கொஞ்சம் எரிந்து போகாமல்
ஒரு கண்ணி இன்னொன்றோடு சேர்வதில்லை.
எங்களைச் சேர்த்துக்கொள்ள
அவருக்கு எத்தனை போனதோ,
எந்தத் தராசிலும் அவர் வைக்கவில்லை.

நேற்று ஏற்காட்டு மலையை மேகம் மூடி
ஆராதனை நடுவில் மழை பிடித்தது.
போதகர் குரல் கேட்கவில்லை.
மூன்று ஷீட்டும் அதிர்ந்தன.
ஒழுகவில்லை.

மாதம்மாள் என்னோடு பேசுவதில்லை.
அது அவள் உரிமை.
பிடித்தம் நின்று ஒரு மாதமாகிறது;
இருந்தும் சாயங்காலமானால்
சல்லடையை எடுத்துக்கொண்டு
சாக்கடை ஓரம் போகிறாள்.